பப் பரிசோதனையில் மாற்றம் என்று வந்தால்: திருகோணமலைப் பெண்கள் கேட்ட கேள்விகள்

ஓய்வு பெறும்வரை திருகோணமலை மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தேன். வீடு வீடாகப் போகிற வேலை. தடுப்பூசி, பிள்ளையின் நிறை, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் வாசலில் நின்றே பேசி முடித்துவிடலாம். பப் ரிப்போட், அதாவது கர்ப்பப்பை வாயில் செய்யும் பப் பரிசோதனையின் முடிவு, அந்தக் கதைக்கு மட்டும் என்னை உள்ளே கூப்பிட்டு, குசினிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்பார்கள்.

ஒரு பகுதிக்கு மாற்றலாகிப் போன புதிதில், ஒரு அக்கா அலுமாரியைத் திறந்து கூறைச்சேலைக்கு அடியில் இருந்து நாலாக மடித்த கடிதம் ஒன்றை எடுத்துத் தந்தார். மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. கர்ப்பப்பை வாயை மேலும் சோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும் கடிதம். திகதியைப் பார்த்தேன், பதினாறு மாதம் கடந்திருந்தது. "மகளின் கலியாணம் முடியட்டும் என்று வைத்தேன் மிஸ்" என்றார். அந்தப் பதினாறு மாதமும் அவரைத் தேடி யாரும் போகவில்லை. அவருக்கு என்ன நடந்தது என்று கீழே சொல்கிறேன். அப்படிக் கடிதத்தை மடித்து வைத்திருக்கும் மற்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மாற்றம் இருக்கு என்றால் புற்றுநோய் வந்துவிட்டது என்றா அர்த்தம்?

இல்லை. முதலில் இதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பப் பரிசோதனையில் கர்ப்பப்பை வாயின் மேல்தோலில் இருந்து கொஞ்சம் கலங்களைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். புற்றுநோய் வருவதற்குப் பல வருடம் முன்பே அந்தக் கலங்களில் மாற்றம் தெரியத் தொடங்கும். அதைப் பிடிக்கத்தான் இந்தப் பரிசோதனையே. இதற்குக் காரணமான எச்.பி.வி என்ற வைரஸ் தொற்று முழுப் புற்றுநோயாக வளர வழக்கமாகப் பதினைந்து, இருபது வருடம் எடுக்கும். மாற்றம் என்று வரும் பெரும்பாலான பெண்களுக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. பலருக்கு அந்த மாற்றம் தானாகவே மறைந்தும் போகும்.

ஆனாலும் யாருக்குத் தானாக மறையும், யாருக்கு வளரும் என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நோவும் இருக்காது, இரத்தமும் போகாது. அதனால்தான் திரும்ப வரச் சொல்கிறார்கள்.

ரிப்போட்டில் இருக்கும் அந்த எழுத்துகள் என்ன?

ரிப்போட் ஆங்கில எழுத்துகளில்தான் வரும். கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

'என்.ஐ.எல்.எம்' என்றால் கெட்ட மாற்றம் எதுவும் இல்லை. அதோடு சேர்த்து 'இன்ஃப்ளமேஷன்' என்று எழுதியிருந்தால் அழற்சி இருக்கிறது என்று அர்த்தம். பூஞ்சணம் அல்லது வேறு தொற்று இருந்தால் மருந்து தருவார்கள். இந்த ஒரு சொல்லைப் பார்த்து இரவிரவாக அழுதவர்கள் இருக்கிறார்கள். அழ வேண்டியதில்லை.

'அன்சாட்டிஸ்ஃபக்டரி' என்றால் தகட்டில் கலம் போதாது, அல்லது இரத்தமோ சளியோ மறைத்துவிட்டது. உங்களில் பிழை இல்லை, ரிப்போட் கெட்டது என்றும் இல்லை. சுமார் மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள். ஆனால் இதை "ஒன்றும் இல்லையாம்" என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடக் கூடாது. அந்தத் தகடு எதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'ஏ.எஸ்.சி - யு.எஸ்' என்றால் கலங்கள் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிகின்றன, ஏன் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அழற்சியாலும் வரும், மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தோல் மெலிவதாலும் வரும், எச்.பி.வி வைரசாலும் வரும்.

'எல்.எஸ்.ஐ.எல்' என்றால் இலேசான மாற்றம். அநேகமாக எச்.பி.வி வைரசின் வேலை. இளவயதுப் பெண்களில் பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகச் சரியாகிவிடும். இந்த இரண்டுக்கும் சிலருக்கு ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ திரும்பப் பரிசோதனை, சிலருக்கு எச்.பி.வி பரிசோதனை, சிலருக்கு நேரே கொல்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை, கீழே விளக்குகிறேன். வயது, முந்தைய ரிப்போட், மற்ற வருத்தங்கள் எல்லாம் பார்த்து டொக்டர் முடிவெடுப்பார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்று, உங்களுக்கு வேறொன்று சொன்னால் குழம்பாதீர்கள்.

'எச்.எஸ்.ஐ.எல்' என்றால் கூடிய மாற்றம். இதுவும் புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டால் புற்றுநோயாகும் வாய்ப்பு உள்ள மாற்றம். 'ஏ.எஸ்.சி - எச்' என்பது கூடிய மாற்றமாக இருக்கலாம் என்ற சந்தேகம். 'ஏ.ஜி.சி' என்பது கர்ப்பப்பை வாயின் உட்பக்கம் போன்ற இடங்களின் சுரப்பிக் கலங்களில் மாற்றம். அரிதாகத்தான் வரும், ஆனால் கர்ப்பப்பையின் உட்பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டிவரலாம். இந்த மூன்றில் எது வந்தாலும் கொல்போஸ்கோப்பிக்குப் போக வேண்டும். அறுவடை, திருவிழா, பிள்ளையின் சோதனை எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

இது எனக்கு எப்படி வந்தது? அவர் வேறெங்காவது போனாரா?

இந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்பதில்லை. "மிஸ், இது தொத்துற வருத்தமா?" என்று தொடங்கி, தேத்தண்ணி ஆறும்வரை சுற்றி வளைத்து, கடைசியில் கண் கலங்கித்தான் கேட்பார்கள். நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு சந்தேகத்தால் குடும்பங்கள் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்.பி.வி என்ற வைரசால் வருகிறது. இதைக் கண்டறிந்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரசில் 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் ஒரு டசன் அளவுதான் புற்றுநோயை உண்டாக்கும். 16, 18 என்ற இரண்டும் மட்டும் பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம். உடலுறவில் தோலோடு தோல் படுவதால் தொற்றுகிறது. வாழ்நாளில் ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் வரலாம், ஆணுக்கும் வரலாம். தொற்றியவருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை அடக்கிவிடும்.

இனி முக்கியமான விசயம். அந்த வைரஸ் வருடக்கணக்கில் உடம்பில் சத்தமில்லாமல் கிடந்து, பிறகு தலை தூக்கும். உங்கள் 35 வயதில் எடுத்த தகட்டில் தெரியும் மாற்றம், 20 வயதில் தொற்றியதாக இருக்கலாம். எப்போது வந்தது, யாரிடம் இருந்து வந்தது என்று சொல்லும் பரிசோதனை உலகத்திலேயே கிடையாது. பப் ரிப்போட் யாருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சி சொல்லாது, உங்களுடையதுக்கும் இல்லை, அவருடையதுக்கும் இல்லை. கணவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். சொல்லப் பயமென்றால் கிளினிக்குக்கு அவரையும் கூட்டிவரலாம், டொக்டரே விளங்கப்படுத்துவார். ஆண்களுக்கு இதற்கென்று வழமையான பரிசோதனை எதுவும் இல்லை, அவருக்கு மருந்தும் தேவையில்லை.

எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, ஏன் கூப்பிட்டார்கள்?

வருத்தம் இல்லாதவர்களுக்காகவே இது. இலங்கையில் 1996இல் வெல் வுமன் கிளினிக்குகள் தொடங்கின. 35 வயதுப் பெண்களையும், பின்னர் 45 வயதுப் பெண்களையும் அழைத்து இலவசமாகப் பப் பரிசோதனை செய்கிறார்கள். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், நாம் எம்.ஓ.எச் ஒபிஸ் என்கிறோமே, அங்கே கேட்டால் எந்தக் கிழமை என்று சொல்வார்கள். இரத்த அழுத்தம், சீனி, மார்பகம் எல்லாமே அங்கே பார்ப்பார்கள்.

மாதவிடாய் நேரத்தில் போகாதீர்கள். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாளும் உடலுறவு வேண்டாம், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம், உள்ளே கழுவவும் வேண்டாம். பிள்ளை தரிக்காமல் இருக்க லூப் போட்டிருந்தால் எடுக்கத் தேவையில்லை.

கொல்போஸ்கோப்பி என்றால் என்ன? ஒப்பரேசனா?

ஒப்பரேசன் இல்லை. உள்ளே போகாமல், வெளியே சற்றுத் தள்ளி ஒரு காலில் நிற்கும் பெரிய பூதக்கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சத்தோடு. உள்ளே விரித்துப் பிடிக்க, பப் எடுக்கும்போது வைத்த அதே ஸ்பெகுலம் என்ற கருவிதான் இதற்கும். கால்களை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும், இடுப்புக்கு மேலே சேலைத்துணி போல ஒரு துணி விரிப்பார்கள். பிறகு பஞ்சில் அசற்றிக் அமிலம் தோய்த்துக் கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். அசற்றிக் அமிலம் என்றால் வினாகிரியில் இருக்கிற அதே பொருள். அறையில் ஊறுகாய் மணம் வரும். குளிரும், சிலருக்குக் கொஞ்சம் எரியும். ஒரு நிமிடம் பொறுத்தால் மாற்றமுள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். அப்புறம் அயடீன் தடவுவார்கள்; நல்ல தோல் கடும் மண்ணிறமாகும், மாற்றமுள்ள தோல் நிறம் பிடிக்காமல் மஞ்சளாக நிற்கும். அயடீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சந்தேகமான இடத்தில் அரிசி மணியளவு சதையைக் கிள்ளி எடுப்பார்கள். அதுதான் பயொப்சி. மாதவிடாய் நோவு போல ஒரு சுண்டு சுண்டும். இருமச் சொன்னால் இருமுங்கள், அந்த நொடியில் எடுத்துவிடுவார்கள். எல்லாம் கால் மணித்தியாலம், இருபது நிமிடம். இரத்தம் நிற்கப் பூசும் மருந்தால் அடுத்த சில நாள் கோப்பித்தூள் போலக் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்து ஓர் அம்மா தன் கர்ப்பப்பை அழுகிவிட்டதென்று நினைத்து இரவே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார், பாவம். யாரும் முதலில் சொல்லவில்லை. ஆகவே நான் சொல்கிறேன்: அது மருந்து.

மாதவிடாய்க்கு வைக்கும் பட் ஒன்று கொண்டுபோங்கள். கூட ஒருவரைக் கூட்டிப்போங்கள். கிளினிக் கொப்பி, பழைய ரிப்போட், இரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது குளிசை எடுத்தால் அதன் பெயர், இவை கையில் இருக்கட்டும்.

ஆண் டொக்டர் என்றால் எனக்கு முடியாது. என்ன செய்வது?

கிண்ணியாவிலும் மூதூரிலும் மட்டும் இல்லை, நிலாவெளியிலும் நகருக்குள்ளும் இதே கூச்சம்தான். எம்.ஓ.எச் கிளினிக்கில் பப் எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆஸ்பத்திரிக் கொல்போஸ்கோப்பியில் ஆண் டொக்டர் இருக்கலாம், ஆனால் ஒரு தாதி மிஸ்ஸி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. பெண் டொக்டர் எந்த நாளில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டு அந்த நாளுக்குத் திகதி வாங்கலாம். நீளப் பாவாடையோ அபாயாவோ உடுத்திப் போனால் முழுவதும் கழற்றத் தேவையில்லை. திகதி நோன்பு காலத்தில் விழுந்தால் முன்பே சொல்லி மாற்றுங்கள், புதுத் திகதியை எழுதி வாங்காமல் வராதீர்கள்.

நான் வேலை தொடங்கிய காலத்தில் கிண்ணியாப் பெண்கள் பாதை என்ற மிதவையில் ஏறித்தான் திருகோணமலைக்கு வர வேண்டும், மூதூர்ப் பெண்களுக்கு லோஞ்ச் என்ற இயந்திரப் படகு. ஒரு நாள் முழுக்கப் போய்விடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு தூரம் குறைந்தது. கூச்சம்தான் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது.

பயொப்சியில் 'சி.ஐ.என்' 1, 2, 3 என்று வந்தது. எத்தனையாம் கட்டப் புற்றுநோய்?

புற்றுநோயின் கட்டம் இல்லை இது. மாற்றமுள்ள கலங்கள் தோலின் எவ்வளவு ஆழம்வரை இருக்கின்றன என்ற கணக்கு. 1 என்றால் கீழ் மூன்றில் ஒரு பங்கு, அநேகமாகக் காத்திருந்து பார்ப்பார்கள். 2 என்றால் மூன்றில் இரண்டு. 3 என்றால் தோலின் முழுத் தடிப்பும், ஆனால் தோலைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை. சி.ஐ.என் 3ஐ வைத்தியம் செய்யாமல் விட்டால் முப்பது வருடத்தில் பத்தில் மூன்று பேருக்குப் புற்றுநோயாகும் என்று நீண்ட காலம் அவதானித்த ஆய்வு காட்டியது. வைத்தியம் செய்தால் அந்த ஆபத்து மிகக் குறைவு.

சேலைக்கடியில் கடிதம் வைத்திருந்த அக்காவுக்கு வந்தது சி.ஐ.என் 3. பதினாறு மாதம் கழித்தும் தோலைத் தாண்டவில்லை. மகளின் கலியாணமும் நடந்தது, பேரப்பிள்ளையும் கண்டார். எல்லோருக்கும் அப்படி அமையாது. கடைசியில் இரத்தம் போகத் தொடங்கிய பிறகு வந்து, புற்றுநோய் வைத்தியத்துக்காக மகரகமைக்கும் மட்டக்களப்புக்கும் அலைந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

வைத்தியம் என்றால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களா?

பெரும்பாலும் இல்லை. மாற்றமுள்ள அந்தத் துண்டுத் தோலை மட்டும் எடுப்பார்கள். 'லெட்ஸ்' அல்லது 'லீப்' என்று சொல்வார்கள்: மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் ஓடும் மெல்லிய கம்பி வளையத்தால் சீவி எடுப்பது. பத்துப் பதினைந்து நிமிட வேலை, அநேகமாக அன்றே வீட்டுக்கு வரலாம். உறைய வைத்து அழிக்கும் முறையும் உண்டு. மாற்றம் உள்பக்கம் ஆழமாக இருந்தால் கூம்பு வடிவில் எடுப்பார்கள்.

பிறகு நாலு கிழமைக்கு உடலுறவு வேண்டாம், கடலில் குளத்தில் இறங்கிக் குளிக்க வேண்டாம், கிணற்றில் இருந்து வாளி வாளியாக அள்ளித் தூக்க வேண்டாம். இந்தக் கடைசி விசயத்தை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள். தண்ணீர் போல, இரத்தம் கலந்து போவது சில கிழமை இருக்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் பட் நனைந்துபோனாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெட்ட மணத்தோடு போனாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வைத்தியம் முடிந்தது. இனிப் போக வேண்டுமா?

கட்டாயம் போக வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்கு ஒரே தடவையில் சரியாகிவிடும், மிச்சம் ஒருவருக்குத் திரும்ப வரலாம். அந்த ஒருவர் யார் என்று முதலில் ஆறு மாதத்தில் எடுக்கும் பரிசோதனை காட்டும். அதன் பிறகும் பல வருடங்களுக்குத் தொடர்ச்சியாகப் பார்க்க வேண்டும். ரிப்போட் கிடைக்க நாள் பிடித்தால் நீங்களே போய்க் கேளுங்கள். தகவல் வரவில்லை என்றால் நல்ல ரிப்போட் என்று நினைக்கக் கூடாது. ரிப்போட் எங்கோ தவறிப்போய், மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல் கிடந்த சம்பவம் என் பகுதியிலேயே நடந்திருக்கிறது. என் பதிவேட்டில் பெயருக்கு நேரே இருந்த வெறுமையான பெட்டியைப் பார்த்துத்தான் தேடிப் பிடித்தேன்.

இனிப் பிள்ளை பெறலாமா? வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாற்றம் வந்தால்?

பெறலாம். லெட்ஸ் செய்தவர்கள் சாதாரணமாகக் கருத்தரிக்கிறார்கள். ஆழமாக எடுத்திருந்தால் மாதம் நிறையமுன் பிரசவமாகும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அதனால் கர்ப்பிணிக் கிளினிக்கில் முதல் நாளே சொல்லுங்கள். கர்ப்பத்தின்போது கொல்போஸ்கோப்பி பார்ப்பதால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. புற்றுநோய் என்ற சந்தேகம் இல்லாவிட்டால் வைத்தியத்தைப் பிரசவத்துக்குப் பிறகுக்கு விடுவார்கள்.

கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு?

வேறு காரணத்துக்காக வாயோடு சேர்த்து முழுதாக எடுத்திருந்து, முன்பு மாற்றமும் இல்லாவிட்டால் தேவையில்லை. வாயை விட்டுவிட்டு எடுத்திருந்தால் தேவை. ஒப்பரேசன் துண்டைக் காட்டிக் கேளுங்கள்.

சாப்பாட்டாலோ கை மருந்தாலோ மாற்றலாமா?

கீரையும் மீனும் பழமும் உடம்புக்கு நல்லதுதான். ஆனால் கூடிய மாற்றத்தை எந்தக் கஷாயமும் அழித்ததில்லை. வேப்பிலைத் தண்ணியாலோ மஞ்சளாலோ உள்ளே கழுவாதீர்கள், தோல் புண்ணாகித் தொற்றுத்தான் கூடும். புகை பிடிப்பது எச்.பி.வியை உடம்பு அடக்குவதைத் தடுக்கும்; வீட்டில் புகைப்பவர்களை வெளியே போகச் சொல்லுங்கள்.

மகளுக்கு ஊசி போடட்டுமா?

போடுங்கள். 2017இல் இருந்து ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே எச்.பி.வி தடுப்பூசி போடுகிறார்கள், ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை. சம்மதப் படிவம் வந்தால் ஒப்பமிட்டுக் கொடுத்துவிடுங்கள். பிள்ளை பெறும் சக்தியைக் கெடுக்கும் என்ற பேச்சு பொய். உங்களுக்கு ஏற்கெனவே வந்த மாற்றத்தை இந்த ஊசி மாற்றாது.

போன வருடம் நல்ல ரிப்போட். இப்போது இரத்தம் படுகிறது. அடுத்த பப் வரை பொறுக்கலாமா?

வேண்டாம். நல்ல ரிப்போட்டும் சில நேரம் தவறவிடும். உடலுறவுக்குப் பிறகு இரத்தம், இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் இரத்தம், மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு இரத்தம், நிற்காமல் போகும் கெட்ட மணமுள்ள வெள்ளை: இவற்றில் ஒன்று இருந்தாலும் பப் திகதியைப் பார்க்காதீர்கள். இந்தக் கிழமையே டொக்டரைக் கண்டு, இப்படி இருக்கு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல வெட்கமென்றால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். அப்படி எழுதித் தந்த துண்டுகளை வாங்கி டொக்டரின் மேசையில் வைத்திருக்கிறேன், பல தடவை.